தாத்தாவுக்கு ஒரு நினைவுரை

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுப் பெரியவர் மறைந்த பிறகு, கூடியிருப்பவர்கள் முன்னால் குடும்பத்தில் ஒருவர் எழுந்து நாலு வார்த்தை பேச வேண்டிவரும். மறைந்தவர் பல காலம் தொழில் நடத்தி, பிறகு அதை ஒப்படைத்துவிட்டுப் பேரப்பிள்ளைகளே கதி என்று இருந்தவராக இருந்தால், அந்த உரை சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. முக்கால்வாசி நேரம் தொழிலுக்கே போய்விடும். எந்த ஆண்டு தொடங்கினார், எத்தனை கிளை, என்ன விருது. கடைசியில், ‘பேரப்பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருந்தார்’ என்று ஒரே ஒரு வரி. அந்த வரி எந்தத் தாத்தாவுக்கும் பொருந்தும்.

தொழிலுக்குக் காகிதம் இருக்கிறது; தாத்தாவாக இருந்ததற்கு இல்லை. அதை ஆட்களிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். ‘தாத்தா எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் ‘ரொம்ப நல்லவர்’ என்பதோடு பேச்சு நின்றுவிடும். ‘பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் என்ன கேட்பார்?’, ‘சைக்கிள் செயின் கழன்றால் யார் மாட்டிவிடுவார்?’ என்று கேளுங்கள். குழந்தைகள் கொட்டிவிடுவார்கள். அவரிடம் வேலை பார்த்தவர்களிடமும் இதே மாதிரி கேட்கலாம்.

வந்து விழுவதில், முதலாளியும் தாத்தாவும் ஒரே ஆளாகத் தெரிகிற இடத்தைத் தேடுங்கள். பேரேட்டில் ஒவ்வொரு பதிவையும் சரிபார்த்துச் சிவப்புப் பென்சிலால் டிக் போட்டவர், பேத்தியின் உயரத்தைக் கதவு நிலையில் கோடு கிழித்து, பக்கத்தில் தேதி போட்டு, அதே பென்சிலால் சுருக்கொப்பமும் இட்டிருக்கலாம். அப்படி ஒன்று கிடைத்தால் அதற்கு ஒரு நிமிடம் முழுதாகக் கொடுங்கள். ‘நேர்மையானவர்’, ‘கண்டிப்பானவர்’ என்ற சொற்களை அடித்துவிடலாம். கேட்பவர்களே அவற்றைச் சொல்லிக்கொள்வார்கள்.

தகவல்களில் இரண்டு கண்ணிகள். பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழில் ஒன்றாகவும் வீட்டார் வாயில் வேறாகவும் இருப்பது சகஜம். எதைச் சொல்வது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். அடுத்தது, ‘தனியாளாகத் தொடங்கினார்’ என்கிற வாக்கியம். ஆரம்பத்தில் பணம் போட்ட கூட்டாளி முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். பழைய ஒப்பந்தப் பத்திரத்தைப் பார்க்காமல் அதைச் சொல்லாதீர்கள். கடன், பங்கு, சொத்துப் பேச்சு வேண்டவே வேண்டாம். பேரப்பிள்ளைகள் பெயரைச் சொல்வதானால் வயது வரிசையில் எல்லார் பெயரும். இல்லையென்றால் ஒருவர் பெயரும் வேண்டாம். ஒரு பெயர் விட்டுப்போனால் வருஷக்கணக்கில் பேசுவார்கள்.

அவரை எப்படிக் குறிப்பிடுவது என்பதும் குழப்பும். அதே மனிதர் ஒருவருக்கு முதலாளி, ஒருவருக்கு அப்பா, இன்னொருவருக்குத் தாத்தா. பேசுவது பேரன் என்றால் தொடக்கம் முதல் முடிவுவரை தாத்தாதான். பிறர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போது மட்டும் அவர்கள் சொல் அப்படியே வரட்டும்.

அளவு ஐந்து நிமிடம். தமிழில் நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு 90, 100 சொல் போகும். துக்கத்தில் வேகம் இன்னும் குறையும் என்பதால் 400 சொல்லோடு நிறுத்துங்கள். கைப்பேசியைப் பார்த்துப் படிக்க வேண்டாம். கண்ணைத் துடைக்கிற நேரத்தில் திரை அணைந்துவிடும். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், 16 புள்ளி எழுத்தில், வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விட்டு அச்சிடுங்கள். எந்த வாக்கியமும் பாதியில் அடுத்த தாளுக்குத் தாவக் கூடாது. பக்க எண் போடுங்கள், தாள்களை ஸ்டேப்ளர் பின் அடித்துச் சேர்க்காதீர்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும்.

குரல் உடைவது பெரும்பாலும் முதல் வரியிலோ, நீங்கள் தேடிப் பிடித்த அந்தக் கதவு நிலையிலோதான். அங்கே தாளில் ஒரு கோடு போட்டு வையுங்கள். வந்ததும் நிறுத்தி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடரலாம். முடியாமல் போனால் தொடர்ந்து படிக்க, இன்னொருவர் கையில் ஒரு பிரதி இருக்கட்டும். அவரும் முந்தின நாளே ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்திருக்க வேண்டும். வெளியாள் என்றால், தாத்தா பேரப்பிள்ளைகளுக்கு வைத்த செல்லப்பெயர்களில்தான் அவர் நாக்கு இடறும்.