மேல் மாடியில் மட்டும் நெட் வரலையா? வீலேன் சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி வேலூர்ல இருந்து. காந்தி ரோடு பக்கம் ஒரு லாட்ஜ். ஒரே ஸ்விட்ச்ச தனித்தனி நெட்வொர்க்கா பிரிக்கிற வீலேன் போட்டிருக்காரு: ஆபீஸுக்கு வீலேன் 10, கேமராவுக்கு 20, ரூம்ல தங்குறவங்க வைஃபைக்கு 30. கீழ 24 போர்ட் ஸ்விட்ச், ரெண்டாவது மாடியில 8 போர்ட் ஸ்விட்ச், நடுவுல ஒரே கேபிள். கீழ எல்லாம் ஓடுது, மேல கெஸ்ட் வைஃபை கனெக்ட் ஆகுது, ஆனா நெட் இல்ல. ஸ்விட்ச் போயிடுச்சா சார்னு கேக்குறாரு.

ஸ்விட்ச மாத்த அவசரப்படாதீங்க. மேல ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை குடுக்குற பெட்டி) கேபிளக் கழட்டிட்டு, அதே போர்ட்ல ஒரு லேப்டாப்பச் சொருகி, கமாண்ட் ப்ராம்ப்ட்ல ஐபிகான்ஃபிக் அடிங்க, லேப்டாப்புக்குக் கிடைச்ச ஐபி அட்ரஸ் தெரியும். தப்பு எங்கன்னு வர்ற அட்ரஸே காட்டிக் குடுத்துடும். போன்ல பாத்தா சும்மா சுத்திக்கிட்டேதான் இருக்கும்.

169.254ன்னு ஆரம்பிச்சா, ஐபி அட்ரஸ் குடுக்குற டிஹெச்சிபி கிட்ட இருந்து பதிலே வரல. முதல்ல மாடி ஏறுற கேபிளப் பாருங்க. அதோட ரெண்டு முனை போர்ட்லயும் 10, 20, 30 மூணுமே டேக்டா, அதாவது பாக்கெட்ல வீலேன் நம்பர் ஒட்டி அனுப்புற மாதிரி இருக்கணும். ஒரு பக்கம் விட்டாலும் போச்சு. மேல் ஸ்விட்ச்ல வீலேன் 30 உருவாக்கவே இல்லன்னாலும் இதே நிலைமைதான்.

கெஸ்ட் வீலேனுக்கு வெச்ச 192.168.30 வரிசை வராம, ரவுட்டரோட பழைய 192.168.1 வரிசை வந்தா, பிவிஐடி மாத்தல. வெப் பேஜ்ல செட் பண்ற சின்ன ஸ்விட்ச்ல நிறைய பேர் மாட்டுறது இங்கதான். ஆக்சஸ் பாயிண்ட் சொருகினது போர்ட் 5ன்னு வைங்க. அத வீலேன் 30ல அன்டேக்டுன்னு போட்டா, அது வெளிய போற பாக்கெட்டுக்கு மட்டும்தான். டேக் இல்லாம உள்ள வர்ற பாக்கெட் எந்த வீலேனுக்குப் போகணும்னு சொல்றது பிவிஐடி. அது தனிப் பக்கத்துல இருக்கும், டீஃபால்ட்டா 1. அத 30 ஆக்குங்க, போர்ட் 5ஐ வீலேன் 1ல இருந்து எடுத்துடுங்க. இல்லன்னா ரூம்ல தங்குறவரு நேரா ரவுட்டர் லாகின் பேஜ்ல போய் நிப்பாரு.

192.168.30 வரிசையே வந்துட்டா, ரவுட்டரோட 192.168.30.1க்கு பிங் போட்டு, பதில் வருதான்னு பாருங்க. பதில் வந்துச்சுன்னா ஸ்விட்ச் மேல குத்தம் இல்ல, ரவுட்டர்ல அந்த வீலேனுக்கு நேட் (உள் அட்ரஸ வெளி அட்ரஸா மாத்தி நெட்டுக்கு அனுப்புறது), டிஎன்எஸ் (வெப்சைட் பேர அட்ரஸா மாத்துறது) ரெண்டையும் பாருங்க.

அதே ஆக்சஸ் பாயிண்ட்ல ஆபீஸ் வைஃபையும் ஓட்டணும்னா கணக்கு வேற. அந்த போர்ட்ல 10, 30 ரெண்டும் டேக்டு, ஆக்சஸ் பாயிண்ட்ல ஒவ்வொரு வைஃபை பேருக்கும் அதோட வீலேன் நம்பர். லேப்டாப் டெஸ்ட்டுக்கு அப்போ வேற ஒரு போர்ட்ட 30க்கு ஒதுக்கிக்கங்க.

சிஸ்கோ ஸ்விட்ச்னா ஒரு எச்சரிக்கை. ட்ரங்க்ல, அதாவது எல்லா வீலேனும் போற மாடி கேபிள் போர்ட்ல, பின்னாடி வீலேன் 40ன்னு ஒண்ணு சேக்கும்போது, 'ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்டு வீலேன்' அப்புறம் 'ஆட்'னு அடிச்சுதான் 40 போடணும். ஆட் விட்டுப் போனா 10, 20, 30 மூணும் லிஸ்ட்ல இருந்து போயிடும், கேமரா உட்பட எல்லாம் நின்னுடும்.

எதுவா இருந்தாலும் உங்க லேப்டாப் சொருகியிருக்கிற போர்ட்டக் கடைசியில தொடுங்க, இல்லன்னா ஸ்விட்ச் பேஜே திறக்காது. முடிச்சதும் சேவ் பண்ணுங்க. சிஸ்கோவுல 'ரைட் மெமரி'. அப்ளை மட்டும் அமுக்கி விட்டா, கரண்ட் போய் வந்ததும் பல ஸ்விட்ச் பழைய செட்டிங்குக்கே போயிடும்.