செல்லாமல் போன இரண்டு ஃப்ரீ த்ரோக்கள்

அனைவருக்கும் மாலை வணக்கம்.

என்னைப் பேச அழைத்த நண்பர் தொலைபேசியிலேயே ஒரு நிபந்தனை போட்டார். "மறைந்துபோன ஒரு வீரரைப் பற்றிப் பேசுங்கள். ஆனால் இரங்கல் கூட்டம் மாதிரி ஆக்கிவிடாதீர்கள். ரசிகர்கள் டீக்கடையில் நின்று பேசுவது போல இருக்கட்டும்" என்றார். சரி என்றேன். யாரைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை. கூடைப்பந்து என்றதும் கோபி பிரையன்ட் என்று நினைத்திருப்பார். நான் கொண்டுவந்திருப்பது உங்களில் பலர் கேள்விப்பட்டிராத பெயர். டிராஜன் பெட்ரோவிச். குரோஷியாக்காரர். 1964 அக்டோபர் 22-இல் பிறந்தவர், 1993 ஜூன் 7-இல் இறந்தவர். கணக்குப் போட்டுப் பாருங்கள், 28 வயதுதான்.

நான் அவர் ஆடியதை நேரில் பார்த்தவன் கிடையாது. மங்கலான பழைய காணொளிகளில் பார்த்து, அவரைப் பார்த்தவர்கள் சொன்னதைப் படித்து, ரசிகனாக ஆனவன். அப்படி ஆன பிறகு ஒரு விஷயத்தைக் கவனித்தேன். ரசிகர்கள் கூடினால் "அந்த மேட்ச் ஞாபகம் இருக்கா?" என்றுதான் பேச்சு தொடங்கும், எந்த ஊராக இருந்தாலும். டிராஜனின் ரசிகர்களும் அப்படித்தான். ஆனால் அவர்கள் எடுத்து வைக்கும் ஒவ்வொரு பெரிய தருணத்துக்கும் பின்னால் ஒரு 'ஆனால்' ஒட்டிக்கொண்டு வரும். கணக்கு எழுதுகிறவர் அந்த 'ஆனால்' வந்த இடத்தில் அடித்துவிடுவார். ரசிகர் அடிக்க மாட்டார். இன்று நான் பேச வந்தது அந்த 'ஆனால்'களைப் பற்றி.

முதலில் ஷிபெனிக். ஏட்ரியாட்டிக் கடலோரத்தில் கல் வீடுகளும் பழைய தேவாலயமும் உள்ள சின்ன ஊர். அன்று யுகோஸ்லாவியா, இன்று குரோஷியா. அப்பா போலீஸ்காரர், அம்மா நூலகர். அண்ணன் அலெக்சாண்டரும் கூடைப்பந்து ஆட்டக்காரர். தம்பி அண்ணனைப் பார்த்துத்தான் பந்தைத் தொட்டார். உள்ளூர் அரங்கத்தின் பெயர் பால்டெக்கின். பையனிடம் அதன் சாவியே இருந்தது என்றும், பள்ளிக்கூடம் போவதற்கு முன் தினமும் 500 முறை கூடைக்கு எறிவார் என்றும் சொல்வார்கள். எண்ணிப் பார்த்தவர் யாரோ, தெரியாது. ஆனால் பிற்காலத்தில் அவர் கை எறிந்த விதத்தைப் பார்த்தால், 500 குறைவாகச் சொன்ன எண்ணோ என்று தோன்றும்.

1983 ஏப்ரல் 9. யுகோஸ்லாவிய லீகின் இறுதிப் போட்டி அதே பால்டெக்கின் அரங்கத்தில் நடக்கிறது. ஒரு பக்கம் ஊர் அணியான ஷிபென்கா, எதிரே சராயேவோவின் போஸ்னா. போஸ்னா என்றால் லேசுப்பட்ட அணி இல்லை, 1979-இல் ஐரோப்பியக் கோப்பையையே வென்றவர்கள். ஆட்டத்தின் கடைசி மூச்சில் போஸ்னா 82, ஷிபென்கா 81. ஷிபென்கா ஆள் எறிகிறார், பந்து விழவில்லை, நேரம் முடிந்துவிட்டது. போஸ்னாக்காரர்கள் குதிக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்போது நடுவர், டிராஜன்மீது தவறு நடந்ததாகச் சொல்லி இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுக்கிறார். யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று எறியும் வாய்ப்பு அது, விழுந்தால் ஒன்றுக்கு ஒரு புள்ளி.

அந்தப் பையனுக்கு 18 வயது. களத்தில் மற்ற யாருக்கும் வேலை இல்லை. கோட்டில் இவர் ஒருவர், எதிரே கூடை, சுற்றிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு ஊர். கூடைப்பந்தில் ஃப்ரீ த்ரோவைப் போலத் தனிமையான வேலை வேறு இல்லை. ஓடிக்கொண்டே எறிந்து தவறினால் "தள்ளிவிட்டான்" என்று சாக்குச் சொல்லலாம். இங்கே சாக்கே கிடையாது. முதலாவது விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. 83-82. ஷிபெனிக் சாம்பியன்! ஊர் விடியும்வரை தூங்கவில்லை.

மறுநாள் கூட்டமைப்பு கூடி, நடுவரின் முடிவு தவறு, ஆட்டம் செல்லாது, நோவி சாட் நகரத்தில் மறுபடி ஆட வேண்டும் என்று அறிவித்தது. ஷிபென்கா போகவில்லை. பட்டம் போஸ்னாவுக்குக் கொடுக்கப்பட்டது. ஆக, ஏட்டில் அந்த ஆட்டமே இல்லை, அந்த இரண்டு ஃப்ரீ த்ரோவும் இல்லை. ஷிபெனிக்கில் போய் அப்படிச் சொல்லிப் பாருங்கள்! அந்த ஊருக்கு 1983-இன் சாம்பியன் யார் என்பதில் இன்றும் சந்தேகம் கிடையாது.

நடுவர் செய்தது சரியா தப்பா என்று என்னிடம் கேட்டால், போஸ்னாக்காரர்களுக்குக் கோபம் வந்ததில் நியாயம் உண்டு என்றே சொல்வேன். ஆனால் விசில் ஊதியது நடுவர். கோட்டில் நின்று இரண்டையும் போட்டது அந்தப் பையன். விசிலைச் செல்லாது என்று அறிவிக்கலாம், அவன் கை நடுங்காமல் நின்றதை எப்படிச் செல்லாததாக்குவது?

அப்புறம் ராணுவச் சேவை ஒரு வருடம். அது முடிந்ததும் ஸாக்ரெப் நகரத்தின் சிபோனா அணி. அண்ணன் ஏற்கெனவே அங்கேதான். 1985-இல் ஏதென்ஸில் ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டி, எதிரே ரியல் மாட்ரிட். 87-78 என்று சிபோனா வென்றது, டிராஜன் மட்டும் 36 புள்ளி. அடுத்த வருடமும் அதே கோப்பை, இந்த முறை சபோனிஸ் என்ற மாமலை இருந்த ஷால்கிரிஸ் அணியை வீழ்த்தி. இந்த இரண்டுக்கும் 'ஆனால்' கிடையாது. அதனாலோ என்னவோ, ரசிகர்கள் இவற்றைப் பற்றி அதிகம் வாதாடுவதில்லை. கோப்பை இருக்கிறது, பெயர் பொறித்திருக்கிறது, அங்கே பேச என்ன இருக்கிறது?

அவர்கள் விடிய விடியப் பேசுவது 1985 அக்டோபர் 5 பற்றி. ஸ்லோவேனியாவின் ஒலிம்பியா அணிக்கு எதிரான லீக் ஆட்டம். டிராஜன் எடுத்த புள்ளிகள் 112. நான் தவறிச் சொல்லவில்லை, நூற்றுப் பன்னிரண்டு. 60 முறை எறிந்து 40 விழுந்தன. அதில் 10, தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி. ஃப்ரீ த்ரோ 22, ஒன்றுகூடத் தவறவில்லை. மொத்த ஆட்டம் 158-77. அதாவது எதிரணி முழுவதும் சேர்ந்து எடுத்ததைவிட இவர் ஒருவர் 35 அதிகம். அதற்கு முன் அந்த லீகில் ஒருவர் எடுத்த அதிகபட்சம் 74தான்.

இங்கே வருகிறது 'ஆனால்'. ஒலிம்பியா அன்று தன் மூத்த வீரர்களை இறக்கவில்லை. பதிவு சம்பந்தமான ஏதோ சிக்கல், இளைஞர் அணிப் பையன்களை அனுப்பிவிட்டார்கள். இதைச் சொல்லி 112-ஐக் கழித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் பட்டது. இப்போது வேறு மாதிரி யோசிக்கிறேன். எதிரே சிறுவர்கள் என்று தெரிந்தால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? ஒரு 40 எடுத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்போம். இவர் உட்காரவில்லை. யார் எதிரே நின்றாலும் பால்டெக்கின் அரங்கத்தில் விடியற்காலையில் தனியாக எறிந்ததைத்தான் எறிந்தார். கொஞ்சம் இரக்கமில்லாத குணம்தான், மறுக்கவில்லை. அந்தக் குணம் இல்லாமல் அந்த ஆட்டக்காரரும் இல்லை.

குணம் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ரசிகர்கள் நினைவுகூரும்போது நைசாக விட்டுவிடும் பகுதி அது. ஸாக்ரெபுக்கு வெளியே அந்த நாட்களில் அவரை விரும்பாதவர்கள் ஏராளம். புள்ளி எடுத்துவிட்டு எதிரணியைப் பார்த்துக் கையை ஆட்டுவார், நாக்கை நீட்டுவார், விமானம் போலக் கைகளை விரித்துக்கொண்டு ஓடுவார். மாட்ரிட் ரசிகர்களுக்கு அவர் பெயரைக் கேட்டாலே எரிச்சல். பிறகு 1988-இல் அதே ரியல் மாட்ரிட் அவரை வாங்கியது! எரிச்சல்பட்டவர்கள் எல்லாம் அடுத்த சீசனில் எழுந்து நின்று கைதட்டினார்கள். ரசிகர் மனம் இருக்கிறதே, அது தனி ரகம்.

அங்கே அவர் ஆடியது ஒரே சீசன். அதில் நிற்பது 1989 மார்ச், ஏதென்ஸ், கோப்பை வென்றவர்களுக்கான கோப்பையின் இறுதிப் போட்டி. எதிரணி இத்தாலியின் கசெர்த்தா. அதில் பிரேசிலின் ஆஸ்கார் ஷ்மிட் 44 புள்ளி எடுத்தார், எந்த இறுதிப் போட்டியிலும் அது போதும் கதாநாயகனாக. டிராஜன் 62 எடுத்தார். கூடுதல் நேரம் வரை போய் 117-113. இதன் 'ஆனால்' என்னவென்றால், எல்லாப் பந்தையும் இவரே எறிகிறார் என்ற முணுமுணுப்பு சொந்த அணிக்குள்ளேயே இருந்தது. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு முணுமுணுப்பதும் ஒரு வசதிதான்.

அதே 1989-இல் அமெரிக்கா, என்.பி.ஏ. என்ற அவர்களுடைய தொழில்முறை லீக், போர்ட்லண்ட் அணி. இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடுவோம். பெஞ்ச், பெஞ்ச், மறுபடி பெஞ்ச். கிளைட் டிரெக்ஸ்லர் போன்றவர்கள் இருந்த அணியில் இவருக்கு இடம் இல்லை. ஐரோப்பாவில் 112 எடுத்தவர் முதல் சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 7.6 புள்ளி. 1991 ஜனவரியில் நியூ ஜெர்சி நெட்ஸ் அணிக்கு மாறினார். அங்கே கதவு திறந்தது. 1992-93 சீசனில் சராசரி 22.3, மூன்று புள்ளி எறிதலில் ஏறக்குறைய நூற்றுக்கு 45 விழுந்தன. ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் மென்மையானவர்கள், தாக்குப்பிடிக்க மாட்டார்கள் என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. இத்தனை எடுத்தும், லீகின் சிறந்த வீரர்கள் மட்டும் ஆடும் அந்த வருட ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதன் பிறகு நோவிட்ஸ்கி, டான்சிச், யோகிச் என்று ஐரோப்பியப் பெயர்கள் வரிசையாக வந்தன. கதவைத் தள்ளித் திறந்த தோள்களில் ஒன்று இவருடையது.

நடுவில் நாடு உடைந்தது. 1990-இல் புவெனஸ் அயர்ஸில் யுகோஸ்லாவியா உலகச் சாம்பியன் ஆனபோது டிராஜனும் செர்பியரான விளாதே திவாட்ஸும் ஒரே அணி, நெருங்கிய நண்பர்கள். கொண்டாட்டத்தின் நடுவே குரோஷியக் கொடியோடு ஓடிவந்த ஒருவரிடமிருந்து திவாட்ஸ் கொடியைப் பிடுங்கினார். இது நம் எல்லோருடைய வெற்றி என்ற எண்ணத்தில் செய்ததாக அவர் பிறகு சொன்னார். டிராஜன் அதை மன்னிக்கவில்லை. அடுத்த ஆண்டு செர்பியர்களுக்கும் குரோஷியர்களுக்கும் போர். பேச்சு நின்றது, நின்றபடியே இருந்தது. பல வருடங்கள் கழித்து திவாட்ஸ் ஸாக்ரெப் வந்து, டிராஜனின் அம்மாவைப் பார்த்து, கல்லறைக்குப் போனார்.

1992 பார்சிலோனா. புது நாடான குரோஷியாவுக்கு முதல் கோடைக்கால ஒலிம்பிக். அரையிறுதியில் முன்னாள் சோவியத் வீரர்கள் அடங்கிய அணியை 75-74 என்று தாண்டினார்கள். கடைசி நொடிகளில் மறுபடியும் இரண்டு ஃப்ரீ த்ரோ. கோட்டில் நின்றது யார் என்று நான் சொல்ல வேண்டுமா? இந்த முறை யாரும் அதைச் செல்லாது என்று சொல்லவில்லை. இறுதியில் ஜோர்டன், மேஜிக் ஜான்சன், லாரி பேர்ட் இருந்த அமெரிக்காவின் கனவு அணி. முதல் பாதியில் ஒரு கட்டத்தில் குரோஷியா 25, அமெரிக்கா 23. முடிவில் 117-85. அதாவது 32 புள்ளித் தோல்வி. குரோஷியர்கள் பேசுவதோ அந்த 25-23 பற்றி! ஆட்டக்காரர்கள் அமெரிக்க வீரர்களோடு புகைப்படம் எடுக்க ஆசைப்பட்ட அந்தப் போட்டியில், டிராஜன் ஜோர்டனை முறைத்துக்கொண்டு 24 புள்ளி எடுத்தார்.

பத்து மாதம். 1993 ஜூன் மாதம் போலந்தில் தேசிய அணிக்கு ஆடிவிட்டு எல்லோரும் பிராங்க்பர்ட் வழியாகத் திரும்புகிறார்கள். மற்றவர்கள் விமானம் ஏறினார்கள். இவர் தோழியின் காரில் ஏறினார். மழை. பவேரியாவில் டென்கென்டார்ஃப் என்ற இடத்தில், நடுத்தடுப்பைத் தாண்டி வந்து ஒரு லாரி சாலையை மறித்து நின்றது. டிராஜன் முன் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தார், சீட் பெல்ட் போடவில்லை. காரில் இருந்த மற்ற இருவரும் பிழைத்தார்கள். சில வாரங்களில் அதே ஜெர்மனியில் ஐரோப்பியச் சாம்பியன்ஷிப். அவர் இல்லாத குரோஷிய அணி ஆடி, வெண்கலம் வாங்கியது. அந்தப் பையன்கள் எப்படி ஆடினார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். நவம்பரில் நெட்ஸ் அணி 3-ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் இல்லை என்று மேலே ஏற்றியது.

நண்பர் இரங்கல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், அதனால் இதை இங்கேயே நிறுத்திக்கொண்டு, நான் சேர்த்து வைத்திருக்கும் தருணங்களில் கடைசி ஒன்றைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். 2001 ஜூலை, விம்பிள்டன். உலகத் தரவரிசையில் 125-ஆம் இடத்தில் கிடந்து, சிறப்பு அனுமதியில் உள்ளே வந்த கோரன் இவானிசெவிச், ஐந்து செட் ஆடிக் கோப்பையை வாங்கினார். டிராஜனின் நண்பர் அவர். வெற்றியை டிராஜனுக்குக் காணிக்கையாக்கினார். மறுநாள் சொந்த ஊரான ஸ்பிளிட்டின் துறைமுகத்தில் லட்சத்துக்கு மேல் கூட்டம். கோப்பையோடு அவர்கள் முன்னால் வந்து நின்ற டென்னிஸ்காரர் போட்டிருந்தது நியூ ஜெர்சி நெட்ஸ் சட்டை. முதுகில் 3, அதற்கு மேலே பெட்ரோவிச். ஆனால், டிராஜன் இறந்து அப்போது எட்டு வருடம் ஆகியிருந்தது.

நன்றி, வணக்கம்.