காயுவுக்கு வந்த கடிதம்

(அசனப் பண்டிகைக்கு முந்தைய இரவுக் கூட்டத்தில் பேசியது)

குருவானவர் அவர்களே, சேகரக் கமிட்டியாரே, தாய்மார்களே, பெரியவர்களே, வாலிபப் பிள்ளைகளே, அனைவருக்கும் என் ஸ்தோத்திரம்.

நாளைக்கு அசனம், சபையார் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. கோயிலுக்குப் பின்னால் அடுப்பு வெட்டிவிட்டார்கள், வரும்போதே பார்த்தேன். 'விசுவாசமும் செழிப்பும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். கேட்டவுடன் சரி என்றேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் வசனத்துக்குள் போக எனக்கு மனசு வரவில்லை.

நான் இருக்கிற ஊரில் பதினோரு வருடம் கோயில் பொருளாளராக இருந்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பையை மேசையில் கொட்டி எண்ணுவோம். நாலாக மடித்த பத்து ரூபாய் நோட்டுகள் வரும். பாதி நோட்டுகளில் புகையிலை வாசம் அடிக்கும், எங்கள் பக்கம் பீடி சுற்றுகிற பெண்கள் அதிகம். ஒரு நாள் ஒரு கவரில் பத்து ரூபாயும் ஒரு துண்டுச் சீட்டும் இருந்தன. 'கம்மலைத் திருப்ப வழி திறக்க ஜெபிக்கவும்' என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை.

யார் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. தூணுக்குப் பக்கத்தில் உட்காருகிற ஒரு அக்கா. முக்காட்டை எடுத்தபோது காதில் வேப்பங்குச்சி தெரிந்தது. கம்மல் அடகுக்குப் போய்விட்டால், துளை தூர்ந்துவிடாமல் இருக்கக் குச்சி செருகிக்கொள்வார்கள். உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

வீட்டுக்குப் போய் விசாரித்தேன். டவுன் மைதானத்தில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போயிருக்கிறார். உனக்கு வலிக்கிற அளவுக்குக் காணிக்கையை விதை, தொண்ணூறு நாளில் நூறு மடங்கு அறுப்பாய் என்று மேடையில் சொல்லியிருக்கிறார்கள். வாரக் கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம். கம்மலை வைத்துப் பணம் வாங்கிக் கொடுத்துவிட்டார். தொண்ணூறு நாள் ஒரு வருடமாகிவிட்டது. "அங்கே போய்க் கேட்டீங்களா?" என்றேன். "கேட்டேன் சார். விதை நல்ல விதைதான், நிலத்துலதான் கோளாறுன்னு சொன்னாங்க. எனக்கு விசுவாசம் பத்தலயோ என்னமோ" என்றார். பீடி இலையை வெட்டிக்கொண்டேதான் சொன்னார். கை நிற்கவில்லை.

கடன்காரி என்கிற பெயர் அவருக்கு ஏற்கெனவே இருந்தது. இப்போது அவிசுவாசி என்கிற பெயரையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். காணிக்கை கொடுத்தால் பணம் பெருகும் என்கிற இந்தச் செழிப்பு உபதேசத்தின் மேல் எனக்கு இருக்கிற கோபம் முழுவதும் இதில்தான். போதகரின் கார், கடிகாரம் எல்லாம் எனக்குப் பெரிய விஷயமில்லை. ஏழை தன் ஏழ்மைக்குத் தானே குற்றவாளி என்று நம்பிவிடுகிறானே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சரி, இந்த உபதேசம் எங்கிருந்து வந்தது? 1947-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஓரல் ராபர்ட்ஸ் என்பவர் ஒரு சிறிய சபையின் பாஸ்டராக இருந்தார். வருமானம் போதாத வீடு. ஒரு நாள் காலையில் வேதத்தைத் திறந்தபோது மூன்றாம் யோவான் இரண்டாம் வசனம் கண்ணில் பட்டது. "பிரியமானவனே, உன் ஆத்துமா வாழ்கிறதுபோல நீ எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி வேண்டுகிறேன்." தன் ஊழியம் அங்கிருந்துதான் திரும்பியது என்று அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். சீக்கிரத்தில் புது பியூக் கார் வந்தது. பின்னால் 'விதை விசுவாசம்' என்ற உபதேசம் வந்தது: தேவனிடத்தில் எதிர்பார்க்கிறாயா, முதலில் ஊழியத்தில் விதை. 1987-ல் அதே மனிதர், மார்ச் மாதத்துக்குள் 80 லட்சம் டாலர் சேராவிட்டால் தேவன் தன்னை எடுத்துக்கொள்வார் என்று தொலைக்காட்சியில் சொல்லிப் பணம் கேட்டார்.

இந்த ஒரு வசனத்தின் மேல் எத்தனை மாளிகை கட்டியிருக்கிறார்கள்! அதனால் அந்தக் கடிதத்தை முழுசாகப் படிப்போம். பதினான்கே வசனம், மூன்று நிமிடம் கூட ஆகாது.

யோவான் காயு என்கிற நண்பனுக்கு எழுதுகிறார். நாம் இன்லேண்ட் லெட்டர் எழுதிய காலத்தில் எப்படி ஆரம்பிப்போம்? 'இங்கு அனைவரும் நலம். அங்கு உங்கள் நலமறிய ஆவல்.' அந்தக் காலத்துக் கிரேக்கக் கடிதங்களிலும் முதலில் இப்படித்தான் நலம் விசாரிப்பார்கள். 'வாழ்ந்து' என்று நம் வேதத்தில் இருக்கிற சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் 'வழி நன்றாக அமைய' என்று பொருள். ஊருக்குக் கிளம்புகிறவனிடம் 'நல்லபடியாய்ப் போய்ட்டு வா' என்கிறோமே, அந்த மாதிரி. பாட்டி எழுதின 'நலமறிய ஆவல்' என்ற வரியை எடுத்துக்கொண்டு போய் பாங்கில் நீட்டினால் பணம் கொடுப்பார்களா?

இன்னும் கொஞ்சம் கீழே வாருங்கள். காயு எதற்காகப் பாராட்டப்படுகிறான்? வழிப்போக்கராய் வந்த ஊழியக்காரருக்கு வீட்டில் இடம் கொடுத்துச் சோறு போட்டதற்காக. அந்த ஊழியக்காரர் எப்படிப்பட்டவர்கள்? ஏழாம் வசனம்: "புறஜாதியாரிடத்தில் ஒன்றும் வாங்காமல் அவருடைய நாமத்தினிமித்தம் புறப்பட்டுப்போனார்கள்." ஒன்றும் வாங்காமல்! எந்தக் கடிதத்தைக் காட்டிக் காணிக்கை கேட்கிறார்களோ, அதே கடிதத்தில்தான் இது இருக்கிறது. ஐந்து வசனம் தள்ளித்தான் இருக்கிறது.

இதைச் சிறையில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்ட ஒருவர் உண்டு. ஜிம் பேக்கர். அமெரிக்கத் தொலைக்காட்சியில் செழிப்பைப் பிரசங்கித்தவர். ஆயிரம் டாலர் கொடுத்தால் ஆயுள் முழுக்க ஒவ்வொரு வருடமும் தன் விடுதியில் வந்து தங்கலாம் என்று சொல்லி, இருக்கிற அறைகளால் தாங்க முடியாத அளவுக்கு ஆட்களைச் சேர்த்துவிட்டார். 1989-ல் மோசடிக் குற்றத்துக்கு 45 வருடத் தண்டனை விதித்தார்கள், பிறகு அது குறைக்கப்பட்டது. உள்ளே இருந்தபோது இயேசுவின் வார்த்தைகளை ஒன்றுவிடாமல் படித்தார். பணத்தைப் பற்றி அவர் சொன்னதற்கு நேர்மாறாகத் தான் பிரசங்கித்துவந்ததை உணர்ந்து, 1996-ல் தன் பிழையை ஒப்புக்கொண்டு புத்தகம் எழுதினார். பிற்காலத்தில் அவர் போன வழி வேறு, அதற்குள் நான் போகவில்லை. அந்த ஒப்புதல் நிற்கிறது.

'நூறு மடங்கு' என்கிறார்களே, அதையும் பார்த்துவிடுவோம். மாற்கு பத்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னதுதான். ஆனால் நம் வேதத்தில் அது "துன்பங்களோடேகூட நூறத்தனையாக" என்று இருக்கிறது. அந்தத் 'துன்பங்களோடேகூட' எந்த வசனக் காலண்டரிலும் அச்சாகி நான் பார்த்ததில்லை. வீடுகளோடு தாய்மாரையும் நூறத்தனையாகத் தருவேன் என்கிறார். ஒரு மனுஷனுக்கு நூறு தாய் எப்படி? சபைதான் அந்தத் தாய்மார். அநாதையாய் வருகிறவனுக்கு நூறு வீட்டு அடுக்களையில் சோறு உண்டு என்பதுதான் அந்த வாக்குத்தத்தம்.

அப்புறம் தசமபாகம், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுப்பது. மல்கியா மூன்றாம் அதிகாரம் பத்தாம் வசனம் நம் பிள்ளைகளுக்குக் கூட மனப்பாடம். கொடுத்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும். அதே அதிகாரம் ஐந்தாம் வசனம் எத்தனை பேருக்குத் தெரியும்? கூலிக்காரன் கூலியைப் பிடித்துக்கொள்கிறவனுக்கும், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவனுக்கும் விரோதமாய் நானே சாட்சியாய் வருவேன் என்கிறார் கர்த்தர். உபாகமம் பதினான்கைப் படித்தால் தசமபாகம் என்ன என்று இன்னும் தெளிவாகத் தெரியும். தானியம், திராட்சரசம், எண்ணெய், ஆட்டுக்குட்டி. குடும்பத்தோடு போய்க் கர்த்தருடைய சந்நிதியில் சாப்பிட்டுச் சந்தோஷப்படவேண்டும். மூன்றாம் வருடத்துப் பங்கை ஊர் வாசலிலே வைத்து, லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து திருப்தியாய்ச் சாப்பிடவேண்டும். சகோதரரே, இது அசனம்! நாளைக்கு நாம் செய்யப்போகிறதுதான்.

'அப்படியானால் நாங்கள் ஏழையாகவே கிடக்கவேண்டுமா?' என்று வாலிபப் பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இல்லை. பட்டினியில் பரிசுத்தம் ஒன்றும் கிடையாது. நம் தாத்தாக்களைப் பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்தது இந்தச் சபை, அதனால்தான் நாம் இன்று இப்படி இருக்கிறோம். ஆனால் அவர்கள் வேதத்துக்கு வந்தபோது, அதாவது கிறிஸ்தவர்களானபோது, என்ன கிடைத்தது என்று யோசித்துப் பாருங்கள். இந்தத் திருநெல்வேலிச் சீமையில் 1799-ல் முதலூர் என்கிற கிறிஸ்தவ ஊர் எதற்காக உருவானது? வேதத்துக்கு வந்தவர்களைச் சொந்த ஊரில் நிம்மதியாய் இருக்கவிடவில்லை. உபதேசியார் டேவிட் சுந்தரானந்தம் அவர்களைக் கூட்டிக்கொண்டு தேரிக்காட்டில் வாங்கிய நிலத்தில் குடியேறினார். செழிப்புதான் விசுவாசத்துக்கு அடையாளம் என்றால், வீட்டை இழந்து வந்த அந்த முன்னோருக்கு விசுவாசம் இல்லை என்று ஆகிவிடும். அதைச் சொல்ல இங்கே யாருக்காவது நாக்கு வருமா? பிறகு மிஷனரி ரேனியுஸ் ஐயர் 1830-ல் தர்ம சங்கம் என்று ஆரம்பித்தார், துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்க. விசுவாசத்துக்கும் பணத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று நான் சொல்லவில்லை. சம்பந்தம் இந்தப் பக்கமாக இருக்கிறது. பவுல் கொரிந்தியரிடம் காணிக்கை கேட்டது எருசலேமில் இருந்த ஏழைகளுக்காக. அதற்கு அவர் சொன்ன காரணம் 'சமநிலை'. நூறு மடங்கு என்று அங்கே பேச்சே இல்லை.

இனி சொல்லப்போவது எனக்குக் கஷ்டமானது. அந்த அக்கா ஏன் மைதானத்துக்குப் போனார்? அங்கே யாரோ ஒருவர் அவர் பெயரைக் கேட்டு, தலையில் கை வைத்து, 'உன் கடன் எவ்வளவு?' என்று விசாரித்திருக்கிறார். எங்கள் கோயிலில் இருபது வருடமாகத் தூணோரம் உட்கார்ந்தவரை நாங்கள் ஒரு வார்த்தை விசாரித்ததில்லை. அவர் வீட்டிலிருந்து திரும்பி வந்து கணக்கைப் பார்த்தேன். பெட்டியில் பணம் இருந்தது. கோபுர வேலைக்கு என்று ஒதுக்கியிருந்தோம். கமிட்டியில் பேசலாம், அடுத்த மாதம் பேசலாம் என்று நான் தள்ளிப்போட்டேன். கடையில் கம்மல் மூழ்கிவிட்டது.

ஏழை விதவை இரண்டு காசு போட்ட கதையை நாம் காணிக்கைப் பிரசங்கத்துக்கு வைத்திருக்கிறோம். அதற்கு முந்தின பேச்சில் ஆண்டவர் விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களைப் பற்றி எச்சரிக்கிறார். காசு விழுந்த கொஞ்ச நேரத்தில் சீஷன் ஒருவன், இந்தக் கல்லைப் பாரும், கட்டடத்தைப் பாரும் என்று அவரிடமே காட்டுகிறான். ஒரு கல்லின்மேல் ஒரு கல் நிற்காது என்றார் அவர். கோபுரம் கட்டி முடித்த அன்று இந்த இரண்டு பகுதியையும் சேர்த்துப் படித்தேன். அன்றைக்கு என்னால் அசனத்தில் உட்கார முடியவில்லை.

அதனால் குருவானவரிடமும் கமிட்டியாரிடமும் ஒரு விண்ணப்பம் கேட்டிருக்கிறேன், சம்மதித்துவிட்டார்கள். நாளை காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டு வருகிற பணத்தில் பாதியைத் தனிக் கணக்கில் வைப்பது. அடகில் மூழ்கப்போகிற நகையைத் திருப்ப, வாரக் கடனை அடைக்க, இந்தச் சபையில் யார் கேட்டாலும் வட்டியில்லாமல் கொடுப்பது. பெண்கள் சங்கத்துத் தாய்மார் இரண்டு பேர் அதைப் பார்த்துக்கொள்வார்கள், கேட்கிறவர் பெயர் வெளியே வராது. முதல் வாழைத்தாரை நான் எடுக்கிறேன், யாரும் என்னோடு போட்டிக்கு வந்து விலையை ஏற்றினால் சந்தோஷம்.

காய் வெட்ட வருகிறவர்கள் பத்து மணிக்கு அரிவாள்மணையோடு வந்துவிடுங்கள். கத்தரிக்காய் மட்டும் மூன்று மூட்டை இறங்கியிருக்கிறது.