பழைய செயின்சா வாங்குவதற்கு முன் சைலன்சரைக் கழற்றிப் பாருங்கள்

[காட்சி: ஒரத்தநாடு பக்கத்துத் தென்னந்தோப்பு. சாய்ந்து கிடக்கும் மரத்தின் மேல் பழைய செயின்சா ஒன்று.]

வணக்கம். ஊரில் நாம் மரம் அறுக்கும் மிஷின் என்று சொல்லும் செயின்சாவைப் பழையதாக வாங்க நினைக்கும் டெல்டா விவசாயிகளுக்காக இந்த வீடியோவைத் தயாரித்திருக்கிறோம். உள்ளூரில் ஒருவரிடம் நேரடியாக வாங்குவது, இணையத்தில் விளம்பரம் பார்த்து வாங்குவது, அரசு அலுவலகங்கள் கழித்துக்கட்டிய பொருள்களை இணைய ஏலத்தில் எடுப்பது ஆகிய மூன்று வழிகளையும் பார்ப்போம். ஆனால் எந்த வழியில் வந்தாலும் மிஷினின் உயிர் பிஸ்டனில்தான் இருக்கிறது என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, மன்னார்குடி, வேதாரண்யம் பகுதிகளில் தென்னை மரங்கள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. சாய்ந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்தாமல் அடுத்த கன்றை நட முடியாது என்ற நிலையில், அதற்கு முன் செயின்சாவைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட அவசரமாக ஒன்றை வாங்கினார்கள். அந்த மிஷின்கள் சில மாதங்கள் ஓய்வே இல்லாமல் ஓடின; பிறகு டேங்கில் பெட்ரோலோடு மாட்டுக்கொட்டகையிலும் மோட்டார் கொட்டகையிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. இன்று நம் பகுதியில் விலைக்கு வரும் பழைய மிஷினைப் பார்க்கும்போது இந்த வரலாற்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை ஆண்டு பழையது என்று கேட்பதைவிட, யார் ஓட்டினார், என்ன கலந்து ஊற்றினார், எப்படி வைத்திருந்தார் என்று கேட்பதே பயன் தரும்.

என்ன கலந்து ஊற்றினார் என்ற கேள்வி ஏன் முக்கியம்? செயின்சாவில் இருப்பது டூ-ஸ்ட்ரோக் என்ஜின். பழைய டிவிஎஸ் 50 வண்டிக்கு ஆயில் கலந்து பெட்ரோல் போட்ட தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெட்ரோலில் கலந்த அந்த ஆயில் ஒன்றுதான் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே வழவழப்பைத் தருகிறது. தரமான டூ-ஸ்ட்ரோக் ஆயிலை 50-க்கு 1 என்ற அளவில் கலக்கச் சொல்லும் கம்பெனி மிஷின்களுக்கு 1 லிட்டர் பெட்ரோலில் 20 மில்லி ஊற்ற வேண்டும். 25-க்கு 1 என்று சொல்லும் மிஷின்களுக்கு 40 மில்லி. இன்றைய பைக்குகள் ஃபோர்-ஸ்ட்ரோக் என்பதால், பைக் டேங்கிலிருந்து குழாய் போட்டு எடுத்த வெறும் பெட்ரோலை அப்படியே செயின்சாவில் ஊற்றிவிடுகிறார்கள். ஒரு டேங்க் முழுவதும் அப்படி ஓடினாலே பிஸ்டனில் கோடு விழுந்துவிடும். அதற்குப் பிறகும் அந்த மிஷின் சில நாள்கள் ஸ்டார்ட் ஆகும், ஓடும், விற்கவும் படும் என்பதுதான் வாங்குகிறவருக்கு ஆபத்து.

[காட்சி: மேசை மேல் மிஷின். சைலன்சரின் போல்ட்டுகள் கழற்றப்படுகின்றன. டார்ச் வெளிச்சம் புகைவழித் துளைக்குள் விழுகிறது.]

இப்போது திரையில் நடப்பதைக் கவனமாகப் பாருங்கள். சைலன்சரைப் பிடித்திருக்கும் இரண்டு மூன்று போல்ட்டுகளைக் கழற்றினால் சிலிண்டரின் புகைவழி தெரியும். ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுத்துப் பிஸ்டனை மேலும் கீழும் நகர்த்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல பிஸ்டனின் பக்கச் சுவரில், கடைசல் பிடித்தபோது விழுந்த மெல்லிய கிடைமட்ட வரிகள் தெரியும். மேலிருந்து கீழாகச் செங்குத்துக் கீறல்கள் இருந்தால், விரல் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு அவை ஆழமாக இருந்தால், அந்த என்ஜின் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீறல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதும் ஒரு செய்தி சொல்லும். புகைவழிப் பக்கம் கீறல் இருந்தால் ஆயில் இல்லாமலோ, பெட்ரோல் போதாமல் காற்று அதிகமாகியோ ஓடியிருக்கிறது. கார்புரேட்டர் பக்கம் இருந்தால், கிழிந்த ஏர் ஃபில்டர் வழியாக மரத்தூளும் மண்ணும் உள்ளே போயிருக்கின்றன. இரண்டாவது பக்கத்தைப் பார்க்கக் கார்புரேட்டரையும் கழற்ற வேண்டியிருக்கும்.

இதற்கு ஐந்து பத்து நிமிடங்களுக்கு மேல் ஆகாது. கழற்ற விடமாட்டேன் என்று சொல்பவரிடம் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நான் முதன்முதலில் வாங்கிய பழைய மிஷின் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது, நானும் மகிழ்ந்து பணத்தைக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை தோப்பில் நாற்பது முறை இழுத்தும் அது உயிர் பெறவில்லை. நான் போவதற்கு முன்பே அதைச் சூடேற்றி வைத்திருந்தார்கள் என்பது மெக்கானிக் அண்ணன் சிலிண்டரைக் கழற்றிக் காட்டியபோதுதான் எனக்கு விளங்கியது. அன்றிலிருந்து, விற்பவர் வீட்டுக்குப் போனதும் முதலில் சிலிண்டர் பக்கம் கை வைத்துப் பார்க்கிறேன். சூடாக இருந்தால் ஒரு மணி நேரம் காத்திருந்து, குளிர்ந்த பிறகே ஸ்டார்ட் செய்யச் சொல்கிறேன்.

கருவி எதுவும் கையில் இல்லாதபோது, சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தமான கம்ப்ரஷனைத் தோராயமாக அறிய ஒரு வழி உண்டு. சுவிட்சை அணைத்து, ஸ்டார்ட்டர் கைப்பிடியை மட்டும் பிடித்து மிஷினைத் தொங்க விடுங்கள். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் நன்றாக இருந்தால் அது தயங்கித் தயங்கி இறங்கும். கிணற்று வாளி போல ஒரே ஓட்டமாக இறங்கினால் தேய்ந்துவிட்டது. பெரிய மிஷின்களில் அழுத்தம் குறைக்கும் பொத்தான் இருக்கும்; அது மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே இதைச் செய்ய வேண்டும். கேஜ் வைத்திருக்கும் மெக்கானிக் உடன் வந்தால் இன்னும் நல்லது. 120 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் நம்பிக்கை கொள்ளலாம். 90-க்குக் கீழே போனால் ஸ்டார்ட் ஆவதே சிரமம்.

அடுத்து, வெள்ளம் புகுந்த வீட்டு மிஷின். நம் டெல்டாவில் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. தண்ணீரில் மூழ்கி எழுந்த மிஷினை வெளியே துடைத்துப் பளபளப்பாக்கிவிடலாம், ஆனால் உள்ளே கிராங்க் பேரிங் துருப்பிடித்திருக்கும். ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றி, பிளைவீலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருக்கக்கூடாது, சுற்றும்போது கரகரவென்று சத்தம் வரக்கூடாது. ஓடும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து கை எடுத்த பிறகும் வேகம் தணியாமல் இரைந்துகொண்டே இருந்தால், எங்கேயோ காற்று உறிஞ்சுகிறது. பெரும்பாலும் கிராங்க் சீலோ, கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள ரப்பரோதான் காரணம். அந்தக் காற்றுக் கசிவு சரிசெய்யப்படாவிட்டால், இன்று கோடு இல்லாத பிஸ்டனிலும் நாளை கோடு விழும்.

பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் டயஃப்ரம் ஆகியவை கெட்டிருப்பதைப் பெரிய குறையாக நான் எண்ணுவதில்லை. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருப்பதால், டேங்கில் மாதக்கணக்கில் நின்றால் ஈரத்தை இழுத்துக்கொண்டு ரப்பரைக் கெடுக்கிறது. இவற்றை மாற்றுவதற்குப் பெரிய செலவில்லை. விலை பேசும்போது கழித்துக்கொள்ளலாம்.

[காட்சி: ஓடும் மிஷினின் முன் கைத்தடுப்பு முன்னோக்கித் தள்ளப்படுகிறது. செயின் அந்த நொடியே நிற்கிறது.]

பிரேக் விஷயத்தில் பேரம் கிடையாது. பார் என்பது செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு; அந்தப் பாரின் நுனி எதிலாவது மோதினால் மிஷின் முகத்தை நோக்கித் துள்ளும். அப்போது கை பட்டு முன் தடுப்பு சாய்ந்ததும் செயின் உடனே நிற்க வேண்டும். பிரேக் பட்டை இல்லாமல், அல்லது தடுப்பே உடைந்து கழற்றப்பட்ட நிலையில் விற்கப்படும் மிஷின்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதை ஒரு குறையாகவே சொல்லாமல் விற்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அறுந்த செயினைப் பிடிக்கும் சிறு கொக்கி பாரின் அடியில் இருக்கிறதா, பின்கைப்பிடியின் மேல்பொத்தானை அழுத்தாமல் ஆக்சிலரேட்டர் நகராமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பார், செயின், செயினைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் மூன்றும் தேயும் பொருள்கள். ஸ்ப்ராக்கெட்டில் செயின் பதிந்த பள்ளம் அரை மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் மாற்ற வேண்டும். தென்னை மரத்தின் வெளிப்பகுதி கடினமானது, சாய்ந்த மரத்தில் மண்ணும் ஒட்டியிருக்கும் என்பதால் நம் பகுதியில் செயின் மிக விரைவாக மழுங்குகிறது. செயின் ஆயில் வருகிறதா என்று அறிய, பாரின் நுனியை ஒரு வெள்ளைத் தாளுக்கு நேராகப் பிடித்து முடுக்குங்கள். தாளில் ஆயில் கோடு தெறிக்க வேண்டும். வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலை ஊற்றி ஓட்டிய மிஷின்களில் ஆயில் பம்ப் தேய்ந்திருப்பது வழக்கம்.

பிராண்டு பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஸ்டீல் (STIHL) என்ற கம்பெனியின் எம்எஸ் 180 மிஷின் 31.8 சிசி, எம்எஸ் 250 மிஷின் 45.4 சிசி. ஆனால் அதே ஆரஞ்சு, வெள்ளை நிறத்தில், 58 சிசி, 22 இஞ்ச் பார் என்று எழுதிய வேறு மிஷினை அந்தக் கம்பெனிப் பெயரிலேயே விற்பவர்கள் உண்டு. உண்மையான மிஷினின் உடலில் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண் அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தால் அது திருட்டுப் பொருளாக இருக்கலாம்; அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள். மற்றபடி, விற்பவர் பெயர், தேதி, விலை, மிஷின் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது உறவுக்காரரிடம் வாங்கினாலும் நல்லது.

இனி இணைய ஏலம். 1964-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனமான எம்எஸ்டிசியின் தளத்தில், அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் கழித்த பொருள்கள் ஏலத்துக்கு வருகின்றன. செயின்சா அதில் தனியாக வருவது அரிது; பழைய மோட்டார், பம்ப், இரும்புச் சாமான்களோடு சேர்ந்த ஒரே லாட்டாக வரும். உள்ளது உள்ளபடி, உள்ள இடத்திலேயே என்பதுதான் நிபந்தனை. எடுத்த பிறகு குறை சொல்ல இடமில்லை. முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும், கேட்ட விலைக்கு மேல் வரி சேரும், குறித்த நாளுக்குள் அள்ளிக்கொண்டு வராவிட்டால் கூடுதல் கட்டணம் உண்டு. கடைசி நிமிடங்களில் யாராவது விலை கூட்டினால் ஏலம் முடியும் நேரம் நீள்கிறது. அந்தச் சூட்டில்தான் பலர் கணக்கை மறக்கிறார்கள். அறிவிப்பில் பார்வையிடும் நாள் குறிப்பிட்டிருந்தால் திருச்சியோ சென்னையோ, அவசியம் நேரில் போய்ப் பாருங்கள். போக முடியாவிட்டால், அந்த மிஷினின் என்ஜின் கெட்டுவிட்டது என்றே எண்ணி, உதிரிப்பாகங்களுக்கு மட்டும் என்ன பெறுமோ அதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட ஏறாதீர்கள்.

ஓஎல்எக்ஸ், முகநூல் விளம்பரங்களில் ஆபத்து வேறு வகையானது. ராணுவத்தில் இருக்கிறேன், இடமாற்றம் வந்துவிட்டது, பார்சலில் அனுப்புகிறேன், முன்பணம் போடுங்கள் என்று சொல்பவரிடம் மிஷினே இருக்காது. பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன், இந்தக் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்று சொன்னாலும் செய்யக்கூடாது. பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தாமதமானால் பணத்தை முடக்கி வைப்பது கடினம்.

[காட்சி: வீட்டுத் திண்ணை. பழைய பெட்ரோல் ஒரு டப்பாவில் வடிகிறது.]

மிஷின் வீட்டுக்கு வந்த அன்றே மரத்தின் மேல் வைக்க வேண்டாம். டேங்கில் இருப்பதை முழுவதும் வடித்துவிட்டு, பெட்ரோல் ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்கையும் புதிதாகப் போட்டு, அளந்து கலந்த பெட்ரோலை ஊற்றுங்கள். மூன்று டேங்க் ஓடிய பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி காபித்தூள் நிறத்தில் இருந்தால் தொடர்ந்து ஓட்டலாம். வெளுத்துப் போயிருந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு, காற்று எங்கே கசிகிறது என்று மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள்.