திண்ணையில் படிக்க வேண்டிய கணக்கு

அனைவருக்கும் வணக்கம்.

1994 டிசம்பர் 2. ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்ற ஊர். சென்னையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் குடியேறிய அருணா ராயும் அவர் தோழர்களும் சேர்ந்து தொடங்கிய உழைப்பாளர் சங்கம் அங்கே ஒரு கூட்டம் போட்டது. பஞ்சாயத்து வேலைகளின் கூலிப் பட்டியலை, பில்லை ஊரார் முன்னால் உரக்கப் படித்தார்கள். இப்படி நடந்த கூட்டங்களில், வேலைக்கே போகாதவர்கள் பட்டியலில் தங்கள் பெயரைக் கேட்டுத் திகைத்து எழுந்தார்கள். மக்களே கணக்கைச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கைக்கு நம் நாட்டில் வேர் அங்கேதான். பின்னர் 2005ஆம் ஆண்டு நூறு நாள் வேலைச் சட்டம், 17ஆம் பிரிவில், அந்தப் பொறுப்பைக் கிராம சபையிடமே கொடுத்தது.

அரசுப் பணத்துக்கு இப்படிக் கணக்குக் கேட்கிறோம், சரி. சமூக நலனுக்காகவே தொழில் நடத்துகிறோம் என்று சொல்லும் நம்மிடம் யார் கேட்பது?

2010இல் ஆந்திராவை நினைத்துப் பாருங்கள். ஏழைப் பெண்களுக்குச் சிறுகடன் கொடுத்த நிறுவனங்களின் ஏட்டில், கொடுத்த பணம் ஏறத்தாழ முழுவதும் திரும்பி வந்திருந்தது. ஆனால் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கிய வீடுகள் எத்தனையோ. தற்கொலைச் செய்திகள் வந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் அந்த நிறுவனங்களைக் கட்டுப்படுத்த மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது. ஏட்டில் தவறு இல்லை. ஏடு அந்தப் பெண்களிடம் எதையும் கேட்கவில்லை, அதுதான் குறை.

நானும் ஒருமுறை ஒரு தையல் பயிற்சி மையத்தைப் பார்வையிடப் போனேன். பயிற்சி முடித்தவர்கள், வேலை கிடைத்தவர்கள் என்று பதிவேடு ஒழுங்காக இருந்தது. சாயங்காலம் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபோதுதான், கூலியில் பாதி பஸ்ஸுக்கே போகிறது என்று ஒரு அக்கா சொன்னார். பாதியில் நின்றவர்கள் பெயர் பதிவேட்டில் எங்குமே இல்லை. மதியத்தோடு நான் கிளம்பியிருந்தால் நல்ல அறிக்கை எழுதியிருப்பேன். இன்று நினைத்தாலும் மனசு கூசுகிறது.

இப்போது பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி, நம்மைப் போன்றவர்கள் நிதி திரட்டும் சமூகப் பங்குச் சந்தைக்கு 2022இல் விதி வகுத்துவிட்டது. அதில் சேரும் ஒரு நிறுவனம் தன் செயல்பாட்டில் குறைந்தது 67 சதவீதம் நலிந்த மக்களுக்கானது என்று காட்ட வேண்டும். மக்கள் வாழ்வில் என்ன மாற்றம் வந்தது என்று சொல்லும் தாக்க அறிக்கையை ஆண்டுதோறும் தர வேண்டும், அதை வெளியாள் ஒருவர் மதிப்பிட வேண்டும். இதை மனமார வரவேற்கிறேன். ஆனால் அந்த அறிக்கை போய்ச் சேருவது முதலீட்டாளரிடம். அது நம்மிடம் தைக்கும் அக்காவின் கைக்கும், அவர் படிக்கிற தமிழில், வர வேண்டும்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த ஆண்டறிக்கையை அச்சுக்கு அனுப்புமுன் ஒரு சாயங்காலம், வேலை முடிந்த நேரமாகப் பார்த்து, எல்லோரையும் கூப்பிடுங்கள். விலகிப் போனவர்களையும் தேடிப் போய் அழையுங்கள். கூலி, விலை, லாபம் எங்கே போனது, எல்லாவற்றையும் படித்துக் காட்டுங்கள். மேலாளர் சற்றுத் தள்ளி உட்காரட்டும், அப்போதுதான் வாய் திறப்பார்கள். கேட்டவர் பெயரை எழுத வேண்டாம். கேள்வியை மட்டும் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, நம் பதிலோடு அறிக்கையின் முதல் பக்கத்தில் போடுங்கள்.