உப்புக்காற்றில் ஒரு ஹெரால்டு

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய கார் ஒன்றை வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி டிங்கரிங் பார்க்கிறேன் என்று சொன்னால், எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "என்ன கலர் அடிக்கப் போறீங்க?" மதுரைக்காரர் கேட்டால் பரவாயில்லை. கடலோரத்து மண்டபத்திலும் கீழக்கரையிலும் இருக்கிறவர்கள் கேட்கலாமா? நம் கரையில் கலர் கடைசிக் கவலை. தகட்டுக்குள் ஏறிய உப்பு வெளியே போயிற்றா என்பதுதான் முதல் கவலை.

பாம்பனையே பாருங்கள். 1914இல் திறந்த ரயில் பாலம் காலமெல்லாம் துருவோடு மல்லுக்கட்டியது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சு, கான்கிரீட்டுக்குள் ஸ்டெயின்லெஸ் கம்பி என்று ஏக கவனிப்பு. அந்தக் கனத்து இரும்புக்கே இப்படி என்றால், சுமார் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கார்த் தகடு எம்மாத்திரம்!

காற்றில் வந்து படியும் உப்பு சும்மா இருப்பதில்லை, ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. காற்றில் 33 சதவீத ஈரப்பதம் இருந்தாலே அது ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துவிடும். நம் பக்கம் ஈரப்பதம் அவ்வளவு கீழே இறங்குவது அபூர்வம். அதனால் வெயிலில் காய்ந்து கிடப்பதாக நாம் நினைக்கிற வண்டியும் மடிப்புகளுக்குள் நனைந்துதான் இருக்கிறது.

என் கொட்டகையில் நிற்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில், 1961 முதல் 1971 வரை செய்த கார். வீட்டில் வேலை பார்க்கிறவனுக்கு இதைவிடத் தோதான வண்டி கிடையாது. சேசிஸ், அதாவது அடிச்சட்டம், தனி; மேலே பாடி துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டியது. பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். கதவுக்குக் கீழே ஓடும் பலகைத் தகட்டைக் கழற்றினாலும் வண்டி வளையாது. அம்பாசிடரும் பத்மினியும் அப்படி இல்லை. அவற்றின் பாடி ஒரே கூடு, அந்தக் கீழ்த்தகடுதான் முதுகெலும்பு. உள்ளே குறுக்குக் கம்பி வைத்துப் பற்றாமல் அதை அறுத்தால், அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் சரியாகச் சாத்தாது. கதவை மாட்டியே வைத்துக்கொண்டு, இடுக்கைப் பார்த்துப் பார்த்து வெல்டிங் வைக்க வேண்டும்.

சரி, உப்புக்கு வருவோம். துருப்பிடித்த இடத்தைக் கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டித் தேய்த்தால் பளபளவென்று வந்துவிடும். அந்தப் பளபளப்பை நம்பாதீர்கள். ஊசி முனை அளவு குழிகள் இருக்கும், உப்பு அவற்றின் அடியில் உட்கார்ந்திருக்கும், பிரஷ் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். ராத்திரி அப்படியே விட்டுவிட்டுக் காலையில் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு குழியிலும் ஒரு பழுப்புப் புள்ளி. வியர்த்த கையைத் தகட்டில் ஊன்றியிருந்தால் ஐந்து விரலும் துருவாகப் பதிந்திருக்கும். வியர்வையும் உப்புத்தானே!

அதன் மேல் பட்டி என்கிற நிரப்புப் பசை போட்டு, பிரைமர் அடித்து, பெயின்ட் அடித்தாலும் சில மாதத்தில் கொப்புளம் கிளம்பும். பெயின்டரைத் திட்டிப் பயனில்லை. அந்தக் குழிகளை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், காய வேண்டும், தேய்க்க வேண்டும், மறுபடி கழுவ வேண்டும். காலையில் புள்ளி வருவது நிற்கும் வரைக்கும் இதுதான் வேலை. நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்கிறேன். நம் வீட்டுப் போர்வெல்லில் வருவது உப்புத்தண்ணீர், அதில் கழுவினால் எடுத்ததைத் திரும்ப வைத்த கதை. காவிரிக் கூட்டுக் குடிநீருக்குக் குடத்தோடு காத்திருக்கிற மாவட்டத்தில் இப்படிப் பேசுவது எனக்கே கூச்சம்தான். ஆனால் பூச்செடிக்குத் தெளிக்கிற புதுக் கைத்தெளிப்பான் ஒன்று வாங்கிக்கொண்டால், இரண்டு குடத்தில் ஒரு கதவை முடித்துவிடலாம். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் உத்தமம்.

புள்ளி நின்றதும் தகட்டை நன்றாகக் காயவைத்துத் துடைத்து, கையுறை போட்டுக்கொண்டு, அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடித்துவிடுங்கள். ரெட் ஆக்சைடு பிரைமர் மட்டும் அடித்து மாசக்கணக்கில் நிறுத்தி வைப்பது கடற்கரையில் செல்லாது, ஈரம் அதன் வழியே இறங்கிவிடும். பட்டி எபாக்ஸிக்கு மேலேதான், அதுவும் மெல்லியதாக. ஒடுக்கைச் சுத்தியலும், பின்னால் தாங்கிப் பிடிக்கிற டாலி என்ற இரும்புக் கட்டியும் வைத்து எடுத்த பிறகு மிஞ்சுகிற மேடுபள்ளத்துக்குத்தான் பட்டி. ஓட்டையை அடைக்க அல்ல.

மிக் வெல்டிங் வைப்பவர்கள் காற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் திறந்த கொட்டகையில் வெல்டிங்கைக் காக்கிற கேஸ் பறந்துவிடும், பற்று நுரைத்துப் பஞ்சாகிவிடும். படுதா கட்டி மறைக்கலாம். கூரை பனை ஓலையாக இருந்தால் வெல்டிங்கும் கிரைண்டரும் வெளியேதான். கடற்கரை மணலை அள்ளி மணல் வீச்சு அடிக்கலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். தகடும் நெளியும், உப்பும் ஏறும், அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் சிலிக்கோசிஸ் வரும்.

பெயின்ட் அடிக்க மாசியும் பங்குனியும் நல்ல மாதங்கள். வாடையின் ஈரம் போயிருக்கும், கச்சான் மணலைக் கிளப்ப ஆரம்பித்திருக்காது. காலைப் பனி விலகிய பிறகு ஸ்பிரே கன்னைக் கையில் எடுங்கள். ஈரக்காற்றில் சீக்கிரம் காய்கிற என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அடித்தால் தின்னர் ஆவியாகிற வேகத்தில் மேற்பரப்பு குளிர்ந்து, ஈரம் படிந்து, வெள்ளை பூத்துவிடும்.

இடையில் ஒன்று. 50 வருஷம் தாண்டிய கார்களை வின்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய 2021இல் விதி வந்திருக்கிறது. சேசிஸ், பாடி, இன்ஜினைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை. ஆகவே மூலத்தகடு எவ்வளவு தேறுமோ அவ்வளவையும் காப்பாற்றுங்கள். சேசிஸ் நம்பர் இருக்கும் இடத்தில் கிரைண்டரை வைத்துவிடாதீர்கள்.

வேலை முடிந்த வண்டியைத் தார்ப்பாய் போட்டு இறுக மூடுகிற வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். கூரைக்குக் கீழே காற்றோட்டமாக நின்றால் போதும். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் இருக்கும், பெயின்ட் அடித்ததில் அவை அடைபட்டிருக்கலாம். கம்பி விட்டுத் திறந்து, கதவுக்குள்ளும் கீழ்ப் பலகைக்குள்ளும் மெழுகுப் பூச்சைப் பீய்ச்சிவிடுங்கள். டிக்கியில் ரப்பர் விரிப்பு கிடந்தால் இன்றைக்கே தூக்கிப் பாருங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.