590 காசுகளில் பூவா தலையா

நண்பர்களே, உங்கள் கையில் 590 காசுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தையும் சுண்டிப் போட்டால் ஏறக்குறைய 295 தலை விழும். அதிலும் முறைக்கு முறை பத்துப் பன்னிரண்டு கூடும், குறையும். காசுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளாதவரை இந்தத் தடுமாற்றம் போகாது.

பேசிக்கொண்டால்?

சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் பிலிப் டிராய்ட்லைன் குழுவினர், காசுகளுக்குப் பதிலாக 590 ரூபிடியம் அணுக்களை எடுத்துக்கொண்டார்கள். முதல் வேலை குளிர்விப்பது. கடுங்குளிரில் அணுக்கள் ஒன்றாகிவிடும் என்பது, 1924இல் டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ் ஐன்ஸ்டைனுக்கு எழுதிய கடிதத்திலிருந்து முளைத்த எண்ணம். 1995இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் கார்னெல், வீமன் என்ற இயற்பியலாளர்கள் அதை மெய்யாக்கினார்கள். ஒரு டிகிரியைக் கோடி பங்காக்கி, அதில் ஒன்றிரண்டு பங்கு வெப்பமே மிஞ்சும் குளிரில் அணுக்கள் எல்லாம் ஒரே அலையாகிவிடுகின்றன.

அந்த அணு மேகத்தின் மேல் ஒரு நுண்ணலைத் துடிப்பைச் செலுத்தினால், ஒவ்வோர் அணுவும் பூவும் தலையும் (அணுவின் இரண்டு ஆற்றல் நிலைகளைத்தான் அப்படிச் சொல்கிறேன்) கலந்த நிலைக்குப் போகும். அணுக்களின் விதிகள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும் குவாண்டம் பின்னலை உண்டாக்க இனி மந்திரம் வேண்டாம், மோதவிட்டால் போதும். ஆனால் ரூபிடியத்தில் ஒரு வம்பு உண்டு: பூவோடு பூ மோதினாலும் தலை மோதினாலும் விளைவு கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் பின்னல் விழாது. ஆகவே இரு நிலைகளையும் இம்மியளவு விலக்கிவைக்கிறார்கள். அப்போது பூ எத்தனை, தலை எத்தனை என்பதைப் பொறுத்து ஒவ்வோர் அணுவின் அலையும் முந்துகிறது அல்லது பிந்துகிறது. பலூனை அமுக்கினாற்போலத் தடுமாற்றம் ஒரு பக்கம் சுருங்கி, மறுபக்கம் பிதுங்குகிறது.

“எல்லா அணுவும் ஒரே அச்சு, அப்படியானால் எது எதனோடு பின்னியது?” என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கும் நெடுநாள் இருந்த ஐயம்தான். 2018இல் பாசல் குழுவினர் அணுக்களைப் பிடித்துவைத்திருந்த பொறியை அணைத்து, மேகத்தை விரியவிட்டுப் படமெடுத்தார்கள். படத்தின் ஒரு பகுதியில் பூவையும் தலையையும் எண்ணி, மறுபகுதியில் என்ன இருக்கும் என்று கணித்தார்கள். ஒன்றைத் துல்லியமாக அறிந்தால் இன்னொன்று மங்கும் என்கிற நிச்சயமின்மை விதி அந்தப் பகுதிக்கு விதித்த எல்லையையும் மிஞ்சிய துல்லியத்தில் கணிப்பு பலித்தது. அதே ஆண்டு ஹைடல்பர்க், ஹனோவர் ஆய்வகங்களும் வேறு வழிகளில் இத்தகைய பின்னலைக் காட்டின.

பேச்சு என்று நான் சொன்னது மோதும் நேரத்தோடு சரி. பிரிந்த பிறகு ஒரு சேதியும் போவதில்லை. 2023இல் அதே பாசல் குழு மேகத்தை இரண்டாகவே பிரித்தது. பக்கத்துக்கு ஏறக்குறைய 700 அணுக்கள், இடைவெளி 0.1 மில்லிமீட்டர் வரை. எந்த மேகத்தில் எந்தத் தன்மையை அளப்பது என்பதை இம்முறை தனித்தனியே அவர்களால் தேர்ந்தெடுக்க முடிந்தது.